வீட்டு வாசலில் எழுதப்படும் கணக்கு

சமூகச் சுகாதாரப் பணியாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அவர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டும் தகவல்களின் மேல்தான் சுகாதாரத் திட்டங்கள் அனைத்தும் நிற்கின்றன என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே மிகுதி. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பணியில் இருப்போர் பலர் தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எல்லாருடைய பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

ஐயா, நான் பணியில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நான் 'வயிற்றுப்போக்கு இல்லை' என்று எழுதிவந்த வீட்டுக்கு மறுநாள் சென்ற மூத்த பணியாளர் ஒருவர், இரண்டு குழந்தைகளுக்கு இருந்ததாக எழுதிவருகிறார். படிவமும் ஒன்றுதான், கேள்வியும் ஒன்றுதான். என்னிடம் என்ன குறை?
— புதிய பணியாளர் ஒருவர்

உங்கள் நேர்மையிலோ உழைப்பிலோ குறை இல்லை. நீங்கள் படிவத்தில் உள்ள கேள்வியைக் கேட்டீர்கள். அவர் அந்தத் தாய்க்கு விளங்கும் கேள்வியைக் கேட்டார். படிவம் 'வயிற்றுப்போக்கு' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் அச்சொல்லுக்கு வகுத்துள்ள வரையறை, 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ மலம் நீர்த்துப் போவது, அல்லது அந்த நபருக்கு வழக்கமானதைவிட அடிக்கடி அவ்வாறு போவது என்பதாகும். தாயின் மனத்திலோ அச்சொல்லுக்கு வேறோர் அளவு இருக்கலாம். குழந்தை துவண்டு, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால்தான் அது வயிற்றுப்போக்கு; பல் முளைக்கும் சமயத்தில் இளகிப் போவதை அவர் நோயாகவே எண்ணுவதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. தம் அளவுகோலைக் கொண்டு உண்மையான பதிலையே தந்திருக்கிறார்.

மூத்த பணியாளர் என்ன செய்திருப்பார் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. வீட்டிலுள்ள குழந்தைகள் அனைவரையும் ஒரே கேள்வியில் அடக்காமல், ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி விசாரித்திருப்பார். 'கடந்த இரண்டு வாரங்களில்' என்று பொதுவாகச் சொல்லாமல், அந்த வீட்டாருக்கு நினைவில் நிற்கும் ஒரு நாளைச் சுட்டி, அந்த நாளுக்குப் பிறகு என்று கேட்டிருப்பார். நேற்று என்ன நடந்தது என்பதில் தொடங்கிப் படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றிருப்பார். கேட்ட பிறகு சிறிது நேரம் பேசாமல் காத்திருந்திருப்பார். புதியவர்களுக்கு அந்த மௌனம் சங்கடமாக இருப்பதால், 'ஒன்றும் இல்லையே?' என்று தாங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வாசலில் நிற்கும் ஒருவர் 'இல்லையே?' என்று கேட்டால், 'இல்லை' என்று சொல்லி அனுப்புவதுதான் யாருக்கும் எளிது.

இந்தத் திறமை உயிர்க்கணக்கையே மாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு. பிரசவத்தில் குழந்தையை இழந்த தாயிடம் 'குழந்தை இறந்தே பிறந்ததா?' என்று கேட்டால், பெரும்பாலும் 'ஆம்' என்ற பதிலே வரும். அக்கேள்வியை மூன்றாகப் பிரித்து, பிறந்ததும் குழந்தை ஒரு முறையேனும் அழுததா, மூச்சு விட்டதா, கை கால்களை அசைத்ததா என்று தனித்தனியே கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்ற பதில் வந்தால், அது உயிருடன் பிறந்து பின்னர் இறந்த குழந்தை. இந்த வேறுபாடு பெயரளவிலானது அன்று. மூச்சுத் திணறி இறந்த குழந்தைகள் எல்லாம் இறந்து பிறந்தவையாகப் பதிவானால், அப்பகுதியில் பச்சிளங்குழந்தைகளின் மரணம் குறைவு என்று அறிக்கை சொல்லும். பிறந்த குழந்தைக்கு மூச்சை மீட்டுத்தரும் பயிற்சியோ கருவியோ அங்கே தேவையில்லை என்று மேலிடம் முடிவு செய்யும்.

வயதைக் கேட்பதும் அப்படித்தான். வயதைத் தோராயமாகச் சொல்பவர்கள் 0 அல்லது 5 இல் முடியும் எண்ணையே சொல்வார்கள் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அந்தச் சாய்வை அளக்க விப்பிள் குறியீடு என்ற ஓர் அளவையே உண்டு. சாய்வு சிறிதும் இல்லையென்றால் அதன் மதிப்பு 100. எல்லாரும் 0 அல்லது 5 இல் முடியும் வயதையே சொன்னால் 500. பெரியவர்களின் வயதில் ஓராண்டு முன்பின்னாக இருந்தால் பெரிய இழப்பு இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தையின் வயதில் இரண்டு மாதம் தவறினால், சரியாக வளரும் குழந்தை வளர்ச்சி குன்றியதாகவும், குன்றிய குழந்தை நலமாக இருப்பதாகவும் பதிவாகிவிடும். பிறப்புச் சான்றோ தடுப்பூசி அட்டையோ இருந்தால், வாய்ச்சொல்லைக் கேட்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எதுவும் இல்லாத வீட்டில், அப்பகுதியினர் அனைவரும் அறிந்த நிகழ்ச்சிகளை மாத வாரியாகக் குறித்த அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நிகழ்ச்சிக்கு முன்பா பின்பா என்று கேட்டு மாதத்தை நெருங்கலாம்.

குறைந்த பள்ளிப்படிப்பு உள்ளவர்கள் எடுக்கும் அளவீடுகளை ஆய்வுக்கு எப்படி நம்ப முடியும்?
— புள்ளியியல் மாணவர் ஒருவர்

உங்களுக்கு முன்பே பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள், பதிலும் கிடைத்திருக்கிறது. மகாராட்டிரத்தின் ஜாம்கேட் பகுதியில் 1970 இல் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அதே மாநிலத்தின் கட்சிரோலியில் 1990களில், ஓரளவே பள்ளிக்குச் சென்ற கிராமப் பெண்கள், பிறந்த குழந்தைகளின் எடை, உடல் வெப்பம், மூச்சு ஆகியவற்றை வீட்டிலேயே மீண்டும் மீண்டும் சென்று பார்த்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு 1999 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாகி, வீட்டிலேயே அளிக்கும் பராமரிப்பால் பச்சிளங்குழந்தைகளின் மரணத்தைப் பெருமளவு குறைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது. வங்காளதேசத்தின் மத்லபில் 1966 முதல் நடந்துவரும் மக்கள்தொகைக் கண்காணிப்பும் வீட்டுப் படியேறிய உள்ளூர்ப் பணியாளர்களால் நிலைத்திருப்பதே.

ஆகவே, படிப்பைக் காட்டிலும் கருவியும் பயிற்சியும் எப்படிப்பட்டவை என்பதைத்தான் பார்க்க வேண்டும். குழந்தையின் ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறிய, மேல் கையின் சுற்றளவை அளக்கும் நிற நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, 12.5 க்குக் கீழே இருந்தால் மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எண் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நைஜர் நாட்டில் இந்த நாடாவைத் தாய்மார்களிடமே கொடுத்துச் சோதித்தபோது, அவர்களின் கணிப்பு பயிற்சி பெற்ற பணியாளர்களின் கணிப்போடு ஒப்பிடத்தக்கதாகவே இருந்தது. ஆனால் அந்த எளிய நாடாவிலும் கைப்பழக்கம் தேவைப்படுகிறது. தோள்பட்டை நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அளக்கும்போது கை தளர்ந்து தொங்க வேண்டும். நாடா தோலைத் தொட வேண்டும், இறுக்கக் கூடாது. சிறிது இறுக்கினாலும் மஞ்சள் சிவப்பாகிவிடும்.

மூச்சை எண்ணுவது இதைவிடக் கடினம் என்பதே என் அனுபவம். இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தை, 2 மாதம் முதல் 11 மாதம் வரையிலான வயதில் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேலும், 1 வயது முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலும் மூச்சு விட்டால் நிமோனியா என்று கருத வேண்டும். எண்ணுவதற்கு முழுமையாக ஒரு நிமிடம் வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால், ஒரு மூச்சுப் பிழை இரண்டாகிவிடுகிறது. எல்லைக்கோட்டில் உள்ள குழந்தைக்கு அது போதும், மருந்து கிடைக்காமல் போவதற்கு. குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது என்பதால், எண்ணத் தெரிந்திருப்பதோடு குழந்தை அமைதியடையும் வரை காத்திருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வீடுகள் என்று கெடு வைத்துத் துரத்தும் திட்டங்களில் முதலில் பறிபோவது இந்தக் காத்திருப்புதான்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்கவைத்தும் அளக்க வேண்டும். ஒரே குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். எப்படி அளந்தோம் என்பதைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதிவிட்டால், பின்னால் எந்தப் புள்ளியியலாளராலும் அதைத் திருத்த முடியாது. உங்கள் துறைக்கு வரும் பிழைகளில் பல இப்படிக் குறிக்கப்படாமல் விட்டவையே.

தகவல் கிடைக்காத இடத்தைக் காலியாக விடுவதா, பூச்சியம் போடுவதா?
— பணியாளர் ஒருவர்

இரண்டும் வேண்டாம். 'தெரியவில்லை' என்பதற்கும் 'பார்க்க முடியவில்லை' என்பதற்கும் தனித்தனிக் குறியீடு கேட்டு வாங்குங்கள். பூச்சியம் என்றால், நான் பார்த்தேன், ஒருவரும் இல்லை என்று பொருள். மலேரியா பரிசோதனைப் பட்டைகள் தீர்ந்துபோன மாதத்தில் 'மலேரியா: 0' என்று எழுதி அனுப்பினால், நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த மாதத்துக்கான பட்டைகளையும் குறைத்து அனுப்புவார்கள். பூட்டிய வீட்டையும் இதே கணக்கில் சேருங்கள். பகலில் பூட்டியிருக்கும் வீடுகளில் வாழ்பவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்குச் சென்றவர்களாகவோ புதிதாகக் குடியேறியவர்களாகவோ இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டுத் தயாரித்த கணக்கில், வசதியும் ஓய்வும் உள்ளவர்களின் உடல்நிலையே ஊரார் அனைவரின் உடல்நிலையாகத் தோன்றும்.

வீட்டுக்குச் செல்லாமலே எழுதப்பட்ட பதிவுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? பணியாளர்களைக் காவல்துறை போல விசாரிக்கவும் எனக்கு மனமில்லை.
— மேற்பார்வையாளர் ஒருவர்

உங்கள் தயக்கம் நல்ல தயக்கம். ஆளை விசாரிப்பதற்கு முன் எண்களை விசாரியுங்கள். அவை நிறையவே சொல்லும்.

முதலில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். தானியங்கிக் கருவியால் 200 பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்திருந்தால், 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்திலும் முடியும் அளவீடுகள் ஏறத்தாழ 20 இருக்க வேண்டும். அவற்றில் 120 அளவீடுகள் 0 இல் முடிந்திருந்தால், கருவி காட்டியதைப் பணியாளர் எழுதவில்லை, தம் மனத்தில் உருட்டி எழுதியிருக்கிறார். பாதரசக் கருவியாக இருந்தால் இன்னொரு நுட்பம் உண்டு. அதில் கோடுகள் இரண்டு இரண்டு மில்லிமீட்டராகவே இருக்கும். ஆகவே கோட்டைப் பார்த்து எழுதியவருக்கு ஒற்றைப்படை எண் வரவே கூடாது. அத்தகைய பதிவேட்டில் 125, 135 என்று வரிசையாக வந்தால், அது கண்மதிப்பு.

அடுத்து, இயற்கையின் விகிதங்களோடு ஒப்பிடுங்கள். முதல் மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் முதல் வாரத்திலேயே இறக்கிறார்கள். ஒரு பெரிய பகுதியின் ஆண்டுப் பதிவேட்டில் இரண்டாம் வாரத்து மரணங்கள் மட்டும் இருந்து, முதல் வாரத்து மரணங்கள் அரிதாக இருந்தால், அங்கே எவரும் பொய் எழுதியிருக்க வேண்டியதில்லை. பிரசவம் முடிந்த முதல் நாட்களில் எவரும் அந்த வீடுகளுக்குச் செல்லவில்லை என்பதையே அந்தப் பதிவேடு சொல்கிறது. நீங்கள் திருத்த வேண்டியது வருகை அட்டவணையை.

மூன்றாவதாக, சில வீடுகளுக்கு நீங்களே மீண்டும் செல்லுங்கள். தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைச் சோதிக்க 1920களில் உருவான மாதிரியெடுப்பு முறை ஒன்று, பின்னர் சுகாதாரத் துறைக்கும் வந்தது. ஒரு மேற்பார்வைப் பகுதியிலிருந்து தற்செயல் முறையில் 19 பேரைத் தேர்ந்தெடுத்து விசாரிக்க வேண்டும். தடுப்பூசி போன்ற ஒரு சேவை 80 சதவீதத்தினருக்குச் சென்றடைய வேண்டும் என்பது இலக்கானால், 19 பேரில் குறைந்தது 13 பேர் அதைப் பெற்றிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தப் பகுதிக்கு உங்கள் உதவி தேவை என்று பொருள். துல்லியமான சதவீதத்தை இம்முறை தராது. எந்தப் பகுதிக்கு முதலில் செல்ல வேண்டும் என்பதைக் காட்டும். ஒரு மேற்பார்வையாளருக்கு வேண்டியதும் அதுதானே!

எல்லாம் பார்த்த பிறகும், வீட்டுக்குச் செல்லாமல் எழுதியதாக உறுதியானால், அவர் எத்தனை பதிவேடுகள் எழுதுகிறார் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஒரே கர்ப்பிணியின் பெயரை நான்கு திட்டங்களுக்காக நான்கு ஏடுகளில் எழுதுபவர், நான்காவது ஏட்டில் கற்பனையைக் கலப்பது எனக்கு வியப்பாக இல்லை. மோசமான எண்ணைக் கொண்டுவந்த பணியாளரைக் கூட்டத்தில் வைத்துக் கடிந்துகொள்ளும் அதிகாரிக்கு, அடுத்த மாதம் முதல் நல்ல எண்கள் மட்டுமே வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மாமியார் அருகில் இருக்கும்போது இளம்பெண்ணிடம் கருச்சிதைவைப் பற்றிக் கேட்க வேண்டியுள்ளது. துக்க வீட்டில் மரணக் காரணத்தைக் கேட்க வேண்டியுள்ளது. என்னால் வாய் திறக்க முடியவில்லை.
— பணியாளர் ஒருவர்

வாய் திறக்க முடியாத இடத்தில் திறக்காமல் இருப்பதும் இந்தப் பணியின் திறமைகளுள் ஒன்று. பிறர் முன்னிலையில் கேட்கக் கூடாத கேள்விகளைப் படிவத்தில் முன்கூட்டியே அடையாளமிட்டு வைத்துக்கொண்டு, அவற்றை மற்றொரு வருகைக்கு ஒத்திவையுங்கள். எடை பார்க்கவோ குழந்தையின் அட்டையைச் சரிபார்க்கவோ அப்பெண் தனியே உங்களிடம் வரும் நேரம் பெரும்பாலும் அமையும். எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லிவிட்டு, விரும்பாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் உதாரணமாகக்கூடச் சொல்லாதீர்கள். பெயரை விட்டுவிட்டுச் சொன்னாலும், எந்த வீடு என்று அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். அடிபட்டதாகவோ வாழப் பிடிக்கவில்லை என்றோ ஒருவர் சொன்னால், அந்தக் கணமே படிவத்தை மூடிவிட்டு, அவருக்குத் தேவையான உதவியைத் தேடுங்கள். மீதிக் கேள்விகள் காத்திருக்கும்.

மரண விசாரணையைப் பொறுத்தவரை, துக்கம் சற்றுத் தணியும் வரை சில வாரங்கள் பொறுப்பதே முறை. ஓராண்டைக் கடத்தினால் நினைவு மங்கிவிடும். இறுதி நாட்களில் உடனிருந்து பார்த்துக்கொண்டவரையே கேளுங்கள். குடும்பத் தலைவர் என்பதற்காக ஒருவரைக் கேட்பதில் பயனில்லை. முதலில் அவர் தம் போக்கில் நடந்ததைச் சொல்லட்டும். காய்ச்சல் எத்தனை நாள், மூச்சுத் திணறல் எப்போது தொடங்கியது என்ற கேள்விகள் அதற்குப் பின் வரலாம். நோயின் பெயரைத் தீர்மானிப்பது உங்கள் வேலை அன்று. அறிகுறிகளையும் அவை வந்த வரிசையையும் சரியாக எழுதினால், மருத்துவரோ கணினி முறையோ காரணத்தைக் கணிக்கும்.

கைபேசிச் செயலி வந்த பிறகு இந்தத் திறமைகளுக்கெல்லாம் இனி வேலை உண்டா?
— வாசகர் ஒருவர்

செயலி சில பிழைகளைத் தடுக்கும். குழந்தையின் எடை 45 கிலோ என்று பதிந்தால் மறுக்கும், ஆணுக்குக் கர்ப்பக் கேள்வியைக் காட்டாது, கூட்டலில் தவறாது. ஆனால் 4.5 கிலோ இருந்த குழந்தைக்கு 5.4 என்று பதிந்தால் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். 'தெரியவில்லை' என்ற விடையே இல்லாத செயலியோ, அடுத்த பக்கத்துக்குச் செல்வதற்காக ஏதாவது ஒன்றை அழுத்தும்படி நேர்மையான பணியாளரையும் கட்டாயப்படுத்துகிறது. திரையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பவர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

ஐயா, பதினோரு ஆண்டுகளாக மாதந்தோறும் அறிக்கை அனுப்புகிறேன். அவை என்ன ஆயின என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. இதற்குமேல் என்ன திறமை வேண்டும் என்கிறீர்கள்?
— மூத்த பணியாளர் ஒருவர்

வந்த கடிதங்களில் என்னை அதிகம் உறுத்தியது உங்களுடையது. உலகச் சுகாதார நிறுவனம் சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்காக 2018 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அவர்கள் தரவுகளைத் திரட்டுவதோடு அவற்றைப் பயன்படுத்தவும் வேண்டும் என்று பரிந்துரை இருக்கிறது. அதற்குத் துணையாக வேண்டியவை என்று, அறிக்கைச் சுமையைக் குறைப்பது, தகவலின் இரகசியத்தைக் காப்பது, தக்க பயிற்சி அளிப்பது, திரட்டிய தரவின் அடிப்படையில் பணியாளருக்கு மறுமொழி தருவது ஆகியவற்றையும் அது குறிப்பிடுகிறது. உங்கள் விஷயத்தில் அந்த நான்காவது நடக்கவே இல்லை. குறை உங்களுடையது அன்று.

மேலிடம் மாறும் வரை காத்திராமல் உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறிக்கையை அனுப்புவதற்கு முன் ஒரே ஓர் எண்ணை உங்களுக்கென்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் தடுப்பூசி தவறிய குழந்தைகள் எத்தனை பேர் என்பதோ, மஞ்சளில் இருந்து சிவப்புக்குச் சென்ற குழந்தைகள் எத்தனை பேர் என்பதோ அதுவாக இருக்கலாம். ஒரு தாளில் மாத வரிசையாக அதைப் புள்ளியிட்டு இணைத்துவாருங்கள். தடுப்பூசி தவறியவர்கள் மூன்று பேரும் ஒரே தெருவினர் என்பது அப்போது கண்ணில் படும். அந்தத் தெருவுக்கு எந்த நாளில், எந்த நேரத்தில் செல்ல வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். மாதக் கூட்டத்துக்குச் செல்லும்போது அந்தத் தாளையும் எடுத்துச் சென்று, பக்கத்துப் பகுதிக்கு இந்த எண் எவ்வளவு என்று உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால், அடுத்த மாதமும் கேளுங்கள்.